மளிகைக் கடையில் உணவியல் நிபுணர்

உணவியல் நிபுணர், அதாவது டயட்டீஷியன் என்றாலே நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ வந்த பிறகு, டாக்டர் சொன்னதால் அவரைப் பார்த்து, அச்சடித்த தாள் ஒன்றை வாங்கி வருவோம். அதை மடிச்சு பீரோவுக்குள்ள வச்சாச்சு. மளிகைச் சீட்டு மட்டும் பழையபடியே கடைக்குப் போகும்! என்ன சமைப்பது என்பது அடுப்படியில் முடிவாவதாக நினைக்கிறோம். உண்மையில் அதில் பெரும்பங்கு, சம்பளம் வந்த வாரத்தில் கடையிலேயே முடிவாகிவிடுகிறது.

இதை உணர்ந்துதான் வட அமெரிக்காவின் சில பெரிய கடைத் தொடர்கள், உணவியல் பட்டம் பெற்றவர்களைக் கடைக்குள்ளேயே பணியமர்த்தின. அமெரிக்காவின் ஹை-வீ, கனடாவின் லாப்லா ஆகியவை இதில் பெயர் பெற்றவை. இவர்கள் வாடிக்கையாளரை அலமாரி அலமாரியாக அழைத்துப் போய், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுத் தருவார்கள். நோய்க்கேற்ற மாற்றுப் பொருளைக் காட்டுவார்கள். ஹன்னஃபோர்ட் கடைகளில் 2006-ல் வேறொரு வழி வந்தது. சத்துள்ள பொருளாக இருந்தால், விலைச்சீட்டிலேயே ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை போட்டார்கள்.

நம் எல்லையோரத்தின் நிலைமை வேறு. பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை. இங்குள்ள தமிழ்க் குடும்பம் அரிசியை ரேஷன் கடையில் வாங்கும். அன்றாடச் சாமான் பக்கத்துக் கடையில், பற்று நோட்டில் எழுதி வரும். மற்றதெல்லாம் பொள்ளாச்சிக்கோ கம்பத்துக்கோ போடிக்கோ போகும்போதுதான். ஆக, முழுச் சீட்டையும் பார்க்கும் கடைக்காரர் ஒருவர்கூட இல்லை. இங்கே ஒரு நிபுணர் உட்கார்ந்தால், அவர் முதலில் கேட்க வேண்டியது ரத்தப் பரிசோதனை முடிவை அல்ல, அந்த மாதச் சீட்டை.

உப்பை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மாதத்துக்கு 150 கிராம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 600 கிராம். நம்ம வீட்டில ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருது? மீன் கழுவப் போனதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பளம், ஊறுகாய், கருவாடு, பிஸ்கட், மிக்சர் இவற்றில் உள்ள உப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "உப்பைக் குறையுங்க" என்று ஆஸ்பத்திரியில் பத்து தடவை சொல்வதைவிட, இந்தக் கணக்கைக் கடையில் ஒரு தடவை போட்டுக் காட்டுவது மேல் என்பேன்.

பொட்டலத்தைப் படிப்பதும் அப்படித்தான். சேர்மானப் பொருள்கள் எடையில் கூடியது முதலில் வருமாறு எழுதப்பட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 'கோதுமை பிஸ்கட்' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் முதலில் மைதா இருந்தால் சங்கதி புரிந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு ஆறு மணிக்குக் கடைக்கு வரும் அம்மாவுக்கு அதை யார் படித்துச் சொல்வது?

மொழிச் சிக்கல் இன்னும் ஒன்று உண்டு. தமிழில் சர்க்கரை என்றால் சீனி. மலையாளத்தில் 'சர்க்கர' என்றால் வெல்லம். சீனிக்குப் 'பஞ்சசார' என்று பெயர். "சர்க்கரையை நிறுத்திட்டேன்" என்று நம் பாட்டி சொன்னால், மலையாள நர்ஸ் வெல்லத்தை நிறுத்தியதாக எடுத்துக்கொள்ளலாம். "பஞ்சசார வேண்டா" என்று கேட்ட பாட்டியோ வெல்லத்துக்கு மாறிவிடலாம். மறையூர் வெல்லம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அருமையான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அது சீனிக்குப் பெரிதாக இளைத்ததல்ல. இரண்டு மொழியும் தெரிந்தவர்தான் இதை அவிழ்க்க முடியும்.

ரத்த சோகைக்கும் கடையில் சொல்ல வேண்டியது இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேயிலை, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்காரர்களிடம் டீயே வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க, சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்க என்றால் கேட்பார்கள்.

சொல்வதற்கு முன் பொருளும் கிடைக்க வேண்டும். அட்டப்பாடியில் 2013-ல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, தாய்மார்களின் சத்துக்குறைவும் ரத்த சோகையும் நாடு முழுதும் பேசப்பட்டன. குடும்பஸ்ரீ ஊர்தோறும் சமுதாயச் சமையலறைகளைத் தொடங்கியது. பின்னர் கேழ்வரகு, சாமை, தினையை மீண்டும் விளைவிக்கும் சிறுதானியத் திட்டம் வந்தது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் பத்தையொட்டித்தான். கேழ்வரகு இல்லாத கடையில் கேழ்வரகைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். சம்பளம் கொடுப்பது கடை. கடைக்கு லாபம் தருவது பிஸ்கட்டும் குளிர்பானமும். "இதை வாங்காதீங்க" என்று சொல்லும் உரிமை இல்லாதவர், வெள்ளைக் கோட்டு போட்ட விற்பனையாளர்தான். சத்து மாவு டப்பா விற்பவர்கூடத் தன்னை 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று சொல்லிக்கொள்ளும் காலம் இது. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் உணவியல் துறையினரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. என்ன படிச்சிருக்கீங்க, எங்கே பதிவு பண்ணியிருக்கீங்க என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஆகவே தனியார் கடையைவிட அரசுக் கடையே இதற்குப் பொருத்தம் என்பது என் கருத்து. கேரள அரசு 2023 முதல் ரேஷன் கடைகளைக் கே-ஸ்டோர்களாக மாற்றத் தொடங்கியது. சப்ளைகோவின் மாவேலிக் கடைகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆள் போடுவது நடவாது. பத்துக் கடைக்கு ஒருவர், மாதத்தின் முதல் வாரத்தில் முறை வைத்து வந்தாலே போதும். அதுவரை நம் சங்கக் கூட்டங்களுக்குத் தமிழறிந்த டயட்டீஷியன் ஒருவரை அழைக்கலாம். வருகிறவர்கள் போன மாத மளிகைச் சீட்டைக் கையோடு கொண்டு வரட்டும். பற்று நோட்டே இருந்தால் இன்னும் நல்லது.