உங்களுக்குத் தெரியுமா? தங்கம் சிவக்கும்!

தங்கம் சில பத்து நானோமீட்டர் அளவே உள்ள துகள்களாக நீரில் மிதந்தால் மஞ்சளாக இருக்காது. மாதுளைச் சாறுபோல் சிவந்திருக்கும். 1857-ல் மைக்கேல் ஃபாரடே இதை லண்டனில் விளக்கினார். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதே நீர் நீலமாகிவிடும். சில வேதிப் பரிசோதனைகளில் இந்த நிறமாற்றம்தான் விடை சொல்கிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடும் தங்க நானோ துகள்களே.

துகளைச் செய்வது கடினமில்லை. நேற்றுச் செய்ததைப் போலவே இன்றும் செய்வதுதான் பாடு! 1951-ல் ஜான் டர்கெவிச் குழுவினர் ஆராய்ந்த முறையில், கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சோடியம் சிட்ரேட்டை ஊற்றுவார்கள். சிட்ரேட் குறைந்தால் துகள் பெரிதாகும் என்று 1973-ல் ஃபிரென்ஸ் காட்டினார். ஊற்றும் வரிசையை மாற்றி, கொதிக்கும் சிட்ரேட்டில் தங்க உப்பைச் சேர்த்தால் துகள்கள் இன்னும் சிறிதாக, சீராக வரும். ரவையில் வெந்நீரை ஊற்றுவதற்கும் வெந்நீரில் ரவையைத் தூவுவதற்கும் உள்ள வித்தியாசம் உப்புமா கிண்டியவர்களுக்குத் தெரியும்தானே?

குடுவையில் ஒட்டியிருக்கும் பழைய துகளும் கெடுதல் செய்யும். அதனால் தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகத்தால் குடுவையைக் கழுவுகிறார்கள். கைப்பக்குவத்தை நம்பாத சில ஆய்வகங்கள், முடிபோல் மெல்லிய குழாய்களுக்குள் இரு கரைசல்களையும் பம்பு வைத்து ஓடவிட்டுக் கலக்கின்றன.