ஈகை எதை வளர்க்க வேண்டும்? – ஒரகடம் தொழிற்பகுதியும் இளைஞர் பணியும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் ஷிப்ட் மாறும் வேளையில் நின்று பார்ப்போர், ஆலைப் பேருந்துகளிலிருந்து இளைஞர் கூட்டங்கூட்டமாக இறங்குவதைக் காண்பர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின், ஏரிகளும் வயல்களும் நிறைந்திருந்த இப்பகுதி நாட்டின் முக்கியத் தொழிற்பகுதிகளுள் ஒன்றாயிற்று. தென் மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தோர் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியுள்ளனர். வேலை உண்டு; ஆனால் பலருக்கு அது நிலையானதன்று. 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர் வேலையிழந்தனர்.

இவ்விளைஞரிடையே பணிபுரியும் சிறு தொண்டு நிறுவனங்கள் பல சில ஆண்டுகளிலேயே சோர்ந்துபோவதேன்? ஆர்வக் குறைவன்று, நாம் கொடுக்கும் முறையே பெருங்காரணம் என எண்ணுகிறோம். தையல் இயந்திரம் வாங்கித் தருவோம். அதைக் கற்பிப்பவரின் சம்பளத்தைத் தரத் தயங்குவோம். கட்டடத்திற்குக் கல்வெட்டு உண்டு. கணக்கருக்குக் கல்வெட்டு இல்லை. ஓராண்டு நிதி தீர்ந்ததும் ஆசிரியை வேறு வேலை தேடிச் செல்கிறார். அவரை நம்பி வந்த பிள்ளைகள் மீண்டும் தெருவில் நிற்கின்றனர்.

இதற்கு மாறானதே திட்டமிட்ட ஈகை. அமெரிக்காவில் எட்னா மெக்கானல் கிளார்க் அறக்கட்டளை, 1990களின் இறுதி தொடங்கி, பல துறைகளுக்குப் பகிர்ந்தளித்துவந்த நிதியை இளைஞர் பணி செய்யும் சில நிறுவனங்களின்மேல் குவித்தது. எழுத்து வடிவான வளர்ச்சித் திட்டம், பல்லாண்டுகளுக்கான நிதி, பயனை நேர்மையாக அளத்தல் ஆகிய மூன்றையும் அது வலியுறுத்தியது. ஒரு செயலுக்கு மட்டுமன்றி, அதைச் செய்யும் நிறுவனத்தின் ஆற்றலுக்கும் கொடுப்பதே இதன் சாரம்.

இம்முறை நமக்கு முற்றிலும் புதியதன்று. 1890இல் டேவிட் மெக்கானகி சென்னைக்கு வந்து வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தை நிறுவினார். முதலில் வந்தது கட்டடமன்று. முழுநேரப் பணியாளர் ஒருவர். பின்னரே பிலடெல்பியா வணிகர் ஜான் வானமேக்கரின் நன்கொடையால் சங்கத்திற்குக் கட்டடம் எழுந்தது. 1920இல் ஹாரி குரோ பக் உடற்கல்விப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அது பயிற்றுவிப்போரையே உருவாக்கியது. அவர்கள் பல ஊர்களுக்குச் சென்றனர். முதலில் ஆள், பின்பு இடம், அதன்பின் தலைவர்களை உருவாக்கும் பயிற்சி என்னும் இவ்வரிசை நாம் கருதத்தக்கது.

இன்று இப்பகுதியில் நிதிக்கு வாய்ப்பு உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர இலாபம் ரூ.5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாய நலனுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. தொடக்க ஆண்டு நீங்கலாக மூன்றாண்டு வரை தொடரும் திட்டங்களுக்கும் விதிகளில் இடமுண்டு. நிர்வாகச் செலவுக்கான 5 விழுக்காட்டு வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகத்தைக் குறிப்பது. பணிசெய்யும் தொண்டு நிறுவனத்தின் சம்பளங்களைக் குறிப்பதன்று. இதை அறியாமையால் பலர் கேட்கவே அஞ்சுகின்றனர்.

எனினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். 2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் சங்க உரிமை கோரி 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நல்ல உணவும், பாதுகாப்பான உறைவிடமும், நியாயமான கூலியும் ஈகையன்று, அவை கடன். தன் ஊழியருக்கு மட்டுமே பயன்படும் செலவைச் சட்டமே சமுதாய நலக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஆலையின் நிதியைப் பெறும் நிறுவனம், அந்நிதியின் பொருட்டு வாய்மூடி நிற்குமாயின், அது வளர்ந்தும் பயனில்லை. ஒரே கொடையாளரைச் சாராதிருத்தலே இதற்குக் காப்பு. திருச்சபையின் சிறு காணிக்கை இங்கேதான் பெருமதிப்புப் பெறுகிறது. கம்பெனி நிதி எட்டாத சுதந்தரத்தை அது வாங்கித் தருகிறது.

எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் திரட்டிய தருமப்பணத்தை நினைவுகூர்வோம். வாரந்தோறும் எடுத்துவைக்கும் ஒழுங்கும், பணத்தைக் கொண்டுசெல்லச் சபைகளே நம்பகமானோரைத் தெரிந்தனுப்பிய முறையும், ஒருவரும் குறைகூற இடங்கொடாத கணக்குத் தூய்மையும் அதில் இருந்தன. கொரிந்தியருக்கு எழுதிய நிருபங்கள் இதற்குச் சான்று. அங்கே ஆவியின் ஏவுதலும் திட்டமும் ஒன்றற்கொன்று பகையாக இல்லை.

இவ்வட்டாரத்தில் ஊழியஞ்செய்வோர் மூன்றைச் செய்யலாம். பத்து நிறுவனங்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பதை விடுத்து, ஒன்றைத் தேர்ந்து மூன்றாண்டு துணைநிற்கலாம். சபையிலுள்ள கணக்கரையும் சட்டம் அறிந்தோரையும் அதற்கு உதவ அனுப்பலாம். ஆண்டிறுதியில், எத்தனை பேர் வந்தனர் என்பதோடு, வந்தோரின் வாழ்வில் நேர்ந்த மாற்றம் என்ன என்றும் கேட்கலாம். அக்கேள்வியை முதலில் அவ்விளைஞரிடமே கேட்பது நலம்.