ஒழுகும் மொட்டை மாடிக்கு யார் பொறுப்பு?

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் பெயிண்ட் கடைகளில் இந்தக் கேள்வி தொடங்கிவிடும்: “மாடி ஒழுகுது, என்ன அடிக்கலாம்?” கடைக்காரர் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைப்பார். பல நேரம் அது கூல் ரூஃப் பெயிண்டாக இருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டுக்குள் வெக்கையைக் குறைப்பதுதான் அதன் வேலை. ஒழுகலுக்கு மருந்தென்று அதை வாங்கி, ஈரம் காயாத தளத்தில் அடித்தால், அடுத்த கோடைக்குள் கொப்பளித்து உரிந்துவிடும்.

எந்தப் பொருள் நல்லது என்று கேட்கும் முன், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தளத்தின் வாட்டம் மழைநீர்க் குழாயை நோக்கி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி ஆகியவற்றில்தான் கசிவு பெரும்பாலும் தொடங்கும். இவற்றைச் சரிசெய்யாமல் மேலே எதைப் பூசினாலும் பணம் வீண்தான்.

நம் ஊரில் பழைய முறை, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. நன்றாகச் செய்தால் வெயிலுக்கும் மழைக்கும் இதற்கு இணை குறைவு. ஆனால் அப்படித் தட்ட இன்று ஆள் கிடைப்பதில்லை. நீற்றிய நல்ல சுண்ணாம்பும் எளிதில் கிடைப்பதில்லை. எடையும் அதிகம். நான்கு அங்குலக் கனத்துக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 190 கிலோ சேரும்; 1,000 சதுர அடி மாடிக்கு 17 டன்னைத் தாண்டும். பழைய தளத்தைப் பெயர்க்காமலே அதன்மேல் இன்னொரு தளம் போடலாம் என்று சொல்லும் மேஸ்திரியிடம், ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும் என்று நிறுத்தச் சொல்லுங்கள்.

வெள்ளை கூல் ரூஃப் ஓடு வெக்கையைக் குறைக்கும். ஆனால் இணைப்புகள் வழியே தண்ணீர் இறங்கினால், ஓட்டுக்கு அடியிலேயே ஓடி வேறெங்கோ சொட்டும். ஓட்டைப் பெயர்க்காமல் மூலத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் ஓட்டுக்குக் கீழே தனியாக ஒரு நீர்த்தடுப்பு அடுக்கு வேண்டும். அக்ரிலிக் பூச்சு விலை குறைவு, அடிப்பதும் சுலபம். தண்ணீர் தேங்கும் இடத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும். பாலியூரிதேன் பூச்சு ரப்பர்போல் இழுபடுவதால் மயிரிழை வெடிப்புகளைத் தாங்கும். விலை கூடுதல், அடிக்கும்போது தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தார் ஷீட்டை நெருப்பில் உருக்கி ஒட்டுவார்கள். தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் கறுப்பு என்பதால் சூடேறும், துணி காயப்போட நடமாடும் மாடியில் அதன்மேல் ஒரு பாதுகாப்புத் தளமும் தேவை. நடமாட்டம் உள்ள, வாட்டம் சரியான மாடிக்கு, கீழே பாலியூரிதேன், மேலே கூல் ரூஃப் ஓடு என்பதே என் தேர்வு. எதுவானாலும் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் முடித்துவிடுங்கள்.

கசிவைச் சுவர் அழுக்கு என்று விட்டுவிடக் கூடாது. தண்ணீர் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு பருத்து, கம்பியை மூடிய காங்கிரீட்டைக் கீழே தள்ளும். படுக்கைக்கு மேலே கூரையில் பெயிண்ட் உப்பி, பழுப்பு நிறக் கோடு தெரிந்தால், உள்ளே பட்டி பார்த்து மறைப்பது ஆபத்து.

இனி காகிதம். வேலை கெட்டபின் வாய்ப்பேச்சு நிற்காது. பொருளின் பெயர், எத்தனை பூச்சு, காய்ந்தபின் எத்தனை மில்லிமீட்டர் கனம், வாரண்டியில் எது அடங்கும், எது அடங்காது என எல்லாம் எழுத்தில் வேண்டும். பூச்சு காய்ந்ததும், ஓடு பதிக்கும் முன், குழாய் வாயை அடைத்து ஒன்றிரண்டு நாள் தண்ணீர் தேக்கிச் சோதிப்பதையும் அதில் சேருங்கள். ஒரு பகுதிப் பணத்தை முதல் மழைக்காலம் முடிந்தபின் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம்.

அதே சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் ‘சேவை’தான். காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாக வேலை செய்தவர்மீது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். அதற்குமுன் தேதியுடன் படங்கள் எடுத்து, ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

பில்டரிடம் வாங்கிய அடுக்குமாடி என்றால் வழி வேறு. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்தில் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். பதிவான திட்டமாக இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் புலம்பியது புகார் ஆகாது. பில்டருக்கு நேரடியாக எழுதியிருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் மேல்தளத்துக்காரரே செலவழிக்கட்டும் என்று சங்கக் கூட்டங்களில் சொல்வார்கள். பொது மாடி எல்லோருக்கும் சொந்தமான பொதுப் பகுதி. பராமரிப்புச் செலவும் எல்லோருடையது. அதேபோல, சோலார் பேனலுக்கோ டிஷ்ஷுக்கோ மாடியில் துளை போடும் எவரும் முதலில் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்தத் துளையைக் காட்டித்தான் பில்டரும் பூச்சு போட்ட கம்பெனியும் வாரண்டியைக் கைகழுவுவார்கள்.