மலையிடுக்குகளில் திடீர் வெள்ளம்

மலையடிவாரத்து ஊர்களில் வாழும் மக்களுக்குக் காட்டாறு புதிதன்று. காலையில் கணுக்கால் அளவே நீர் ஓடிய ஓடை, மாலையில் ஆள் உயரத்துக்குப் பெருகி, கற்களையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு வருவதுண்டு. ஊரில் ஒரு துளி மழையும் பெய்திராது. தலைக்கு மேல் வானம் தெளிந்தே இருக்கும். இதனை இயற்கையின் விந்தை என்று சொல்லி விட்டுவிடுதல் தகாது. இவ்வெள்ளம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், உயிர்ச்சேதத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.

நான்கு காரணங்கள்

திடீர் வெள்ளம் தோன்றப் பெரும்பாலும் நான்கு நிலைமைகள் ஒன்றுகூடுகின்றன.

முதலாவது, காற்றில் ஈரம் மிகுந்திருத்தல். கடலிலிருந்து வரும் காற்று நீராவியைச் சுமந்து வருகிறது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்றில் தங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது.

இரண்டாவது, அக்காற்று மேலே எழும்புதல். மலைச்சரிவு காற்றைத் தடுத்து மேல்நோக்கித் தள்ளுகிறது. பிற்பகல் வெயிலில் சூடேறிய சரிவுகளும் இதற்குத் துணை செய்கின்றன. மேலே சென்ற காற்று குளிர, நீராவி மேகமாகத் திரண்டு இடிமழையாகப் பொழிகிறது.

மூன்றாவது நிலைமையை நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். உயரத்தில் வீசும் காற்று வலுவாக இருப்பின், மழைமேகத்தை அது நகர்த்திச் சென்றுவிடும். மழை பல ஊர்களுக்கும் பங்கிடப்படும். அக்காற்று தளர்ந்திருந்தால், மேகம் ஒரே சரிவின் மீது நின்று மணிக்கணக்கில் கொட்டித் தீர்க்கும்.

நான்காவது, நிலம் நீரை உறிஞ்ச இயலாமை. வெறும் பாறை, இறுகிய மண், காட்டுத் தீயில் எரிந்த சரிவு, முன்பெய்த மழையில் ஊறிய தரை ஆகியவை நீரைத் தேக்கி வைப்பதில்லை.

ஒரு சதுர கிலோமீட்டர் சரிவில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 10 கோடி லிட்டராகும். அதில் பாதியே ஓடையில் இறங்கினாலும், சில அடி அகலமுள்ள பாறை இடுக்கில் அதற்குப் பரவ இடமேது? நீர்மட்டம் நிமிடக் கணக்கில் உயர்ந்துவிடுகிறது.

கண்ட படிப்பினைகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் பிக் தாம்சன் என்னும் ஆற்றின் மலையிடுக்கு உள்ளது. 1976ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் மாலை, ஈரம் மிகுந்த கீழ்க்காற்று அச்சரிவின் மீது ஏறியது. உயரத்தில் காற்று தளர்ந்திருந்தமையால் மேகம் நகரவில்லை. சில மணி நேரத்தில், சில இடங்களில் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மாண்டவர் 140 பேருக்கு மேல். ஆற்றோரச் சாலை வழியே வாகனங்களில் தப்ப முயன்றோர் பலர் வெள்ளத்தில் சிக்கினர். மலைச்சரிவில் ஏறியவர்கள் பிழைத்தனர்.

அரிசோனா மாநிலத்து ஆன்டலோப் மலையிடுக்கில் 1997 ஆகஸ்ட் 12ஆம் நாள் 11 பேர் உயிரிழந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை இல்லை. பல மைல்களுக்கு அப்பால் பெய்த இடிமழையே வெள்ளமாக வந்தது.

நம் மாநிலத்திலும், 2024 மே 17ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. கோடை மழைக் காலத்திலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் இத்தகைய நிலைமை ஏற்படக்கூடும்.

நாம் செய்யவேண்டியவை

ஓடையில் குளிக்கவோ, ஆடுமாடு மேய்க்கவோ செல்பவர்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்தல் போதாது. நீர் பிறக்கும் மலைமுகட்டைப் பார்க்க வேண்டும். அங்கு மேகம் கறுத்து நின்றாலோ, இடிமுழக்கம் கேட்டாலோ, உடனே கரையேறிவிட வேண்டும்.

தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியன வெள்ளம் நெருங்கியதன் அறிகுறிகள். அப்பொழுது துணிமணிகளையும் பாத்திரங்களையும் எடுக்க நின்றுவிடலாகாது. ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடுவதும் பயன் தராது. வெள்ளம் நம்மை முந்திவிடும். பக்கவாட்டில் மேட்டில் ஏறுவதே வழி.

நீர் புரளும் தரைப்பாலத்தைக் கடத்தல் கூடாது. அரை அடி ஆழத்தில் விரைந்தோடும் நீரே வளர்ந்த மனிதரை வீழ்த்தவல்லது. இரண்டடி நீர் மோட்டார் வண்டியையும் இழுத்துச் செல்லும். நீரின் வேகம் இருமடங்கானால், அதன் தாக்குதல் நான்மடங்காகிறது என்பதை நினைவிற் கொள்க.

வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை வந்தவுடன், ஊராட்சித் தலைவர்கள் தண்டோராவாலும் ஒலிபெருக்கியாலும் ஊரறியச் செய்தல் வேண்டும். மலை மேலுள்ள குடியிருப்பினர், மழை வலுத்ததும் கீழூருக்குத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாட்டை இப்பொழுதே செய்துகொள்ளலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஊருக்கு இருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் போதும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனைப் பேசி, அவ்விருவரைத் தேர்ந்தெடுக்குமாறு மலையடிவார ஊராட்சிகள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.