ஏப்ரனில் கற்கும் வளைவு

தையல் பழகுகிறவர்கள் பலர் தலையணை உறையில் தொடங்கி, நேர்த்தையல் கைவந்ததும் ரவிக்கைக்குப் போய்விடுகிறார்கள். கழுத்து வளைவில் துணி சுருங்கி நிற்கிறது. நடுவே ஓர் ஏப்ரன் தைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். கைக்கு அடியில் வரும் இரண்டு வளைவுகளைத் தவிர, அதில் எல்லாமே நேர்க்கோடு.

காடா போன்ற கனமான பருத்தித் துணி, 110 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் போதும். பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், இதுவோ அடுப்பருகே அணிகிற உடை. நெசவில் இழுபட்ட நூல் தண்ணீர் பட்டதும் சுருங்கும் என்பதால், முதலிலேயே நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டுவிடுங்கள்.

70 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மேல் ஓரத்தில் மடிப்பிலிருந்து 14 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. வெளி ஓரத்தில் மேலிருந்து 25 செ.மீ. கீழே ஒரு புள்ளி. இரண்டையும் உட்குழிந்த வளைவாக இணைத்து வெட்டுங்கள். நேர் ஓரங்களை 1 செ.மீ., பிறகு 1.5 செ.மீ. மடித்துத் தைத்துவிடலாம்.

வளைவை அப்படி மடிக்க முடியாது. வெட்டிய விளிம்பு, தான் போய்ப் படியவேண்டிய கோட்டைவிடக் குட்டை. அதனால் சுண்டி இழுக்கும். இங்கேதான் துணியின் இயல்பு கைகொடுக்கிறது. பாவின் திசையிலோ ஊடையின் திசையிலோ இழுத்தால் நூலே தாங்குகிறது. துணி அதிகம் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் நூல்கள் அமைக்கும் சதுரங்கள் சாய்ந்து, கடை வாசலின் மடக்குக் கதவுபோல் விரியும். தையற்காரர்கள் கிராஸ் பீஸ் வைப்பது இதனால்தான். 45 பாகைச் சாய்வில், 5 செ.மீ. அகலத்தில் பட்டி வெட்டி, முனைகளை உள்ளே மடித்து, வளைவின் நல்ல பக்கத்தில் வைத்து 1 செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். தையலைத் தொடாமல் விளிம்பில் சிறு வெட்டுகள் கொடுத்து, பட்டியை உட்பக்கம் திருப்பி, மறு ஓரத்தை 1 செ.மீ. மடித்துத் தைத்தால் சுருக்கமில்லாத வளைவோடு நாடா நுழையும் குழாயும் கிடைத்துவிடும்.

2 செ.மீ. அகலப் பருத்தி நாடா மூன்று மீட்டர் எடுத்து, நுனியில் ஊக்கு குத்தி, ஒரு குழாயில் மேலேற்றி, கழுத்துக்கு வளையம் விட்டு, மறு குழாயில் இறக்குங்கள். ஒரே நாடா கழுத்தையும் இடுப்பையும் பிடிக்கும். அதை இழுத்து உயரத்துக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம் என்பதால் அம்மாவின் ஏப்ரனை மகனும் அணியலாம். இவ்வளவு சிக்கனமான அமைப்பு தையலில் அரிது.

மிஞ்சிய துணியில் பை வைத்தால், அதன் மேல் மூலைகளைச் சிறு முக்கோணமாகத் தையுங்கள். கை நுழையும்போது இழுபட்டு முதலில் பிரிவது அந்த இடம்தான்.