கருக்கால நீரிழிவு: பெயரும் பொருளும்

நோயின் பெயரே மக்களுக்கு அந்நோயைப் பற்றிய முதல் விளக்கமாகிவிடுகிறது. நீரிழிவு என்னும் சொல்லில் உள்ள ‘இழிவு’ தாழ்வைக் குறிப்பதன்று. இறங்குதல், ஒழுகுதல் என்னும் பொருளுடைய ‘இழிதல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. சித்த மருத்துவம் இந்நோயை மதுமேகம் என்றது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இனிப்புநீர் என்பர். முதற்பெயர் நீரின் ஒழுக்கையும், ஏனைய இரண்டும் அதன் இனிமையையும் சுட்டுகின்றன. இவற்றுள் எதுவும் நோயின் காரணத்தைக் கூறவில்லை. எனினும், இனிப்புநீர் என்றதும், ‘இனிப்பை மிகுதியாக உண்டதால் வந்தது’ என்று கருவுற்ற பெண்ணைக் குறைகூறுவோர் உளர்.

உண்மை வேறு. கரு வளருங்கால், நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றன. இது கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இயல்பாக நிகழ்வது. அதற்கேற்பக் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்க இயலாதபோதே இரத்தச் சர்க்கரை உயர்கிறது. உடற்பருமன், குடும்பவழி, வயது ஆகியவை இவ்வாய்ப்பைக் கூட்டுகின்றன.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சேயை அடைகிறது. தாயின் இன்சுலினோ கடப்பதில்லை. ஆதலின், சேயின் கணையம் தானே மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் கொழுப்புச் சேர்ந்து சேய் பெருக்கிறது. பிறப்பின்போது தோள் சிக்கிக்கொள்ளவும் கூடும். தொப்புள்கொடி அறுபட்டதும் சர்க்கரை வரவு நின்றுவிடுகிறது. சேயின் இன்சுலின் மட்டும் மிகுந்தே நிற்கிறது. எனவே, பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழலாம். மூச்சுத்திணறலும் மஞ்சட்காமாலையும் நேரலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் உயரவும், அறுவை தேவைப்படவும் வாய்ப்பு மிகும். ‘கொழுகொழுவெனப் பிறந்தது’ என்று நாம் மகிழ்ந்துரைக்கும் சொற்றொடர் எப்போதும் நலத்தின் அடையாளமாகாது.

ஒன்பது நாடுகளில் நடைபெற்று 2008இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வில் சிங்கப்பூரும் பங்கேற்றது. தாயின் சர்க்கரை அளவு உயர உயர இவ்விடர்களும் படிப்படியாக உயர்வதை அது காட்டிற்று. சிங்கப்பூரில் பொதுவாக 24 முதல் 28ஆம் வாரத்திற்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் பருகச் செய்து சோதிக்கின்றனர். வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 மில்லிமோல் என்பன வரம்புகள். இவற்றுள் ஒன்றை எட்டினாலும் நோய் உண்டெனக் கொள்வர். உணவு ஒழுங்கு, உடற்பயிற்சி, தேவைப்படின் இன்சுலின் ஆகியவற்றால் பெரும்பாலோர் நலமாக மகப்பேறு காண்கின்றனர்.

‘கருக்கால’ என்னும் அடைமொழி, பேற்றோடு நோய் முடிந்துவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. பெரும்பாலும் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்புவது மெய்யே. எனினும், பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு இப்பெண்களுக்குப் பன்மடங்கு மிகுதி. பேற்றுக்குப்பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுசோதனை செய்துகொள்வதும், பின்னரும் காலந்தோறும் சோதிப்பதும் இன்றியமையாதவை.

ஆசிரியர்கள் இச்சொல்லை வகுப்பில் விளக்கும்போது, பெயர் சொல்லாத இச்செய்திகளையும் சேர்த்துரைப்பார்களாக. வீட்டில் ஒரு தாய் பழிச்சொல் கேளாமல் சோதனைக்குச் செல்ல அவ்விளக்கம் துணைநிற்கும்.