கட்டிக்கு வேப்பிலை போதுமா?

மெடிக்கலில் தொடங்குவது

திருமுருகன்பூண்டி சிற்பக் கூடத்தில் உளி பட்டுக் கை கிழிந்தாலும் சரி, பனியன் கம்பெனியில் வியர்வையோடு நின்று தொடையிடுக்கில் கட்டி வந்தாலும் சரி, பலர் முதலில் போவது மெடிக்கலுக்குத்தான். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு என்ற கணக்கில் தப்பில்லை. ஆனால் உதிரியாக வாங்கும் நாலு மாத்திரையில் ஆன்டிபயாடிக்கும் இருக்கலாம். கண்டபடி அதை விழுங்க விழுங்க, அதற்குச் சாகாத பாக்டீரியாக்கள்தான் மிஞ்சிப் பெருகும்.

அப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்பது மதிப்பீடு. பாக்டீரியா மருந்தை எதிர்க்க உதவும் என்.டி.எம்.-1 (என்.டி. என்றால் நியூ டெல்லி) என்ற நொதி சென்னையிலும் இருப்பதை 2010இல் லான்செட் குழும இதழ் ஒன்று வெளியிட்டது. அதன் பெயரில் டெல்லி இருக்கிறதே என்றுதான் நாம் அதிகம் கோபப்பட்டோம்.

கிண்ணத்தில் வேறு, உடம்பில் வேறு

வேம்பு, துளசி, மஞ்சள் சாறுகள் ஆய்வகக் கிண்ணத்தில் பாக்டீரியாவைத் தடுப்பது உண்மை. அளவில்தான் சிக்கல். ஆன்டிபயாடிக் மைக்ரோகிராமில் முடிக்கும் வேலைக்குச் சாறு பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும். மஞ்சளின் குர்குமினோ, விழுங்கினால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது.

வேப்பிலைச் சாறு ஏற்றிய பின்னலாடைத் துணியும் வாடை தரும் பாக்டீரியாவைக் குறைக்கும்; துவைக்கத் துவைக்க அந்தக் குணம் தேயும். அந்தப் பனியனைப் போட்டால் கட்டி ஆறாது.

மிளகு காட்டிய வழி

எனக்கு நம்பிக்கை தருவது மிளகு. கட்டியை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், உள்ளே நுழையும் மருந்தைத் தன் சவ்விலுள்ள பம்புகளால் வெளியே தள்ளிவிடும். மிளகின் பிப்பரின் அதில் ஒரு பம்பை முடக்கி, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு வலுக் கூட்டுவதை ஜம்மு ஆய்வகம் 2006இல் காட்டியது. இது ஆய்வக முடிவு, சிகிச்சை அல்ல.

காசநோயில் மிளகு மாத்திரைக்குள்ளேயே வந்துவிட்டது. ரிஃபாம்பிசின் உடலில் கூடுதலாகச் சேரப் பிப்பரின் உதவுவதால், 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் கொண்ட கூட்டு மாத்திரை 2009இல் இந்தியாவில் அறிமுகமானது. ஆக, இங்கே செடி ஆன்டிபயாடிக்குக்கு மாற்று அல்ல, துணை.

இதே குணம் ஆபத்தும் ஆகலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் ரத்த அளவையும் பிப்பரின் ஏற்றிவிடும். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். காப்ஸ்யூல், சூரணம் எடுப்பவர்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்

கட்டியைப் பிதுக்காதீர்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ பத்துப் போட்டுக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் முதல் நாளே மருத்துவரைப் பாருங்கள். எழுதித் தந்த மாத்திரையைச் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சத்தைப் பக்கத்து மிஷின்காரருக்குக் கொடுக்காதீர்கள். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளிக்கு அதன் மருந்தகத்தில் ஆலோசனையும் மருந்தும் இலவசம்.